எழுத்து மேசை: நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோன கதை

கதை எழுதும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எழுத்து மேசைக் குழுவின் பதில்கள்.

நாவலில் நாற்பது பக்கம் விறுவிறுவென்று வந்தது. கல்யாணமாகிப் போன கனகா, அப்பா இறந்து ஓராண்டு கழித்து, பூர்வீக வீட்டில் பங்கு கேட்க அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். வந்தவள் காப்பி குடித்துக்கொண்டு பழசையெல்லாம் நினைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாள். பத்துப் பக்கமாகக் கதை நகரவில்லை. ஒரு பத்தியை எழுதி அனுப்பியிருக்கிறேன். என்ன செய்வது?
– வாசகி, தேனி

நீங்கள் அனுப்பிய பத்தி இது:

"கனகா உள்ளே வந்தாள். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்தாள். 'எப்படி இருக்கே?' என்று கேட்டாள். 'நல்லாயிருக்கேன் அண்ணி' என்றாள் கனகா. ஜன்னல் வழியே வேப்பமரம் தெரிந்தது. சின்ன வயதில் அதில் ஊஞ்சல் கட்டி ஆடியது நினைவுக்கு வந்தது."

நடையில் குறையில்லை. ஆனால் கனகா பங்கு கேட்க வந்தவள் என்பது அவளுக்கே மறந்துவிட்டது போலிருக்கிறது. அடுத்த காட்சியில் அவள் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் அண்ணன் முகம் மாறும். அந்த முகத்தை எழுதத்தான் உங்களுக்குத் தயக்கம். அதனால்தான் காப்பி மேல் காப்பியாக வந்துகொண்டிருக்கிறது. கதை நின்ற இடத்தைத் தோண்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் இப்படித்தான்: எழுதுகிறவர் பாத்திரத்தைச் சங்கடத்திலிருந்து காப்பாற்றிக்கொண்டிருப்பார்.

அதே காப்பியை வைத்துக்கொண்டே இப்படிப் பாருங்கள்:

"அண்ணி காப்பியைப் பீங்கான் கப்பில் கொண்டுவந்தாள். அந்த வீட்டில் பீங்கான் விருந்தாளிக்கு மட்டும்தான். 'டம்ளர் இல்லையா அண்ணி?' 'உனக்கெதுக்கும்மா டம்ளர். சாயங்காலம் பஸ்தானே?' கனகா பையைத் திறந்து மாற்றுச் சேலையை எடுத்துக் கொடியில் போட்டாள்."

இங்கே சொத்து என்ற சொல்லே வரவில்லை. ஆனாலும் ஒருத்திக்கு இந்த வீட்டில் இருக்க வேண்டும், இன்னொருத்திக்கு அவள் போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது. பத்தி தொடங்கியபோது சாயங்காலம் ஊர் திரும்ப வேண்டியவள், முடியும்போது ராத்தங்கப் போகிறாள். மாற்றம் இவ்வளவு இருந்தால் போதும். ஒவ்வொரு காட்சியிலும் கூரை இடிந்து விழ வேண்டியதில்லை.

இனி வேலைக்கு வருவோம். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் இந்தக் காட்சியில் யாருக்கு என்ன வேண்டும், இரண்டாவதில் எது குறுக்கே நிற்கிறது, மூன்றாவதில் காட்சி முடியும்போது என்ன மாறியது. எழுதிய பக்கங்கள் முழுவதற்கும், காட்சிக்கு ஒரு வரி வீதம் நிரப்புங்கள். மூன்றாவது கட்டம் அடுத்தடுத்து இரண்டு முறை காலியாக இருந்தால் கதை அங்கேதான் நின்றிருக்கிறது. நீங்கள் கையை எடுத்த பக்கத்தில் அல்ல, பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று காட்சி முன்னால். திருத்தத்தை அங்கிருந்து தொடங்குங்கள். கடைசிப் பக்கத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் மாதம்தான் போகும்.

அடுத்தது, கனகாவுக்கு இரண்டு பக்கமும் இழப்பு வேண்டும். விக்கிரமாதித்தன் கதையில் விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்து சொன்னால் வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். அத்தனை கதைகளையும் இழுத்துக்கொண்டு போவது இந்த ஒரு நிபந்தனைதான். பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கனகா கையெழுத்துப் போட்டால் வீடு போகும். போடாவிட்டால் மகளின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டையும் ஒரே அத்தியாயத்தில் எதிரெதிரே வைத்துவிட்டால், அப்புறம் காப்பிக்கு அவளுக்கு நேரமிருக்காது.

ஆண்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனோடு சம உரிமை தந்த சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் செல்லும். அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தாது. அந்தப் பாகுபாட்டை நீக்கியது 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம். ஆகவே கதை 1995இல் நடந்தால், கனகாவுக்கு 1988இல் கல்யாணமா 1990இல் கல்யாணமா என்பதிலேயே பாதிக் கதை அடங்கியிருக்கிறது. ஒரு கெடுவும் இலவசமாகக் கிடைக்கிறது: கையெழுத்தான பத்திரத்தை நான்கு மாதத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். மயக்கத்திலோ கோபத்திலோ கனகா கையெழுத்துப் போட்டுவிட்டு, பதிவுக்கு வரமாட்டேன் என்று ஊருக்குப் போய்விட்டால், அண்ணன் நாள்காட்டியைக் கிழிக்கும்போதெல்லாம் கதை ஓடும்.

வேப்பமரம் இருக்கட்டும். வாசகருக்கு அந்த மரத்தைப் பற்றி ஒரு கேள்வி எழுந்த பிறகு அதை எழுதுங்கள். அண்ணன் மரத்தை வெட்ட ஆள் சொல்லிவிட்டான் என்று தெரிந்தபின் வரும் ஊஞ்சல் நினைவுக்கு ஐந்து வரி போதும்.

குரலில் சொல்லியே கதை எழுதலாமா? கைபேசியில் தட்டத் தட்டக் கதையே மறந்துவிடுகிறது.
– வாசகர், ஆம்பூர்

முதல் வரைவுக்குத் தாராளமாக. உரையாடல் குரலில் இயல்பாகவே வரும். இரண்டு தொல்லை உண்டு. நிறுத்தற்குறி பெரும்பாலும் விழாது, அதனால் யார் பேசியது என்பது மறுநாள் உங்களுக்கே புரியாது. ஆள் மாறும்போதெல்லாம் பேர் சொல்லிவிட்டுப் பேசுங்கள். ல, ள, ழ மூன்றும் அதன் இஷ்டத்துக்கு இடம் மாறும். அன்றைக்குச் சொன்னதை அன்றைக்கே ஒருமுறை வாசித்துத் திருத்திவிடுங்கள். ஒரு வாரம் விட்டால் 'அவன் வாளைப் பிடித்தான்' என்பது வாளா, வாலா என்று நீங்களே திணறுவீர்கள்.

இணைய இதழ் ஒன்றில் தொடர்கதை எழுத வாய்ப்பு வந்திருக்கிறது. ஒவ்வொரு வாரமும் 'தொடரும்' போடும் இடத்தை எப்படித் தீர்மானிப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

கதவு தட்டப்படும் இடத்தில் நிறுத்துவது பழைய வழி. அடுத்த வாரம் கதவைத் திறந்தால் பால்காரர் நிற்பார். ஒரு தடவை மன்னிப்பார்கள். மூன்றாவது பால்காரருக்கு ஆள் இருக்காது.

சேதி வரும் இடத்தில் நிறுத்துவதைவிட, சேதி கேட்டவர் ஒரு முடிவெடுத்த இடத்தில் நிறுத்துங்கள். 'அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது' என்று தெரிந்ததோடு நிறுத்தினால் அதிர்ச்சி ஒருநாள் தாங்கும். அது தெரிந்த மகள், அம்மாவிடம் சொல்லாமல் அந்த இன்னொரு வீட்டு விலாசத்துக்கு ஆட்டோ பிடித்தாள் என்று நிறுத்தினால், அவள் அங்கே என்ன செய்யப் போகிறாள் என்பது வாரம் முழுக்கக் கூடவே வரும்.

வாராவாரக் கொக்கியைவிட முக்கியம், கதை முழுவதையும் இழுக்கும் ஒரு கயிறு. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்த 'பொன்னியின் செல்வன்' எப்படித் தொடங்குகிறது? ஆடிப்பெருக்கன்று ஏரிக்கரையில் குதிரையில் வருகிற வந்தியத்தேவனிடம் ஆதித்த கரிகாலன் கொடுத்த ஓலைகள் இருக்கின்றன: ஒன்று சக்கரவர்த்திக்கு, மற்றது குந்தவைக்கு. அவன் வழியில் எவ்வளவு வேடிக்கை பார்த்தாலும், ஓலை போய்ச் சேர வேண்டுமே என்ற பதைப்பு வாசகரைவிட்டுப் போகாது. உங்கள் நாயகி கையிலும் போய்ச் சேர வேண்டிய ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

அத்தியாயத்துக்கு 1,000 முதல் 1,200 சொல் என்று வைத்துக்கொண்டால், முதல் அத்தியாயம் வெளியாகும் நாளில் இன்னும் ஐந்து அத்தியாயமாவது கையில் இருக்க வேண்டும். காய்ச்சல், தேர்வு, விசேஷம் எதுவும் சொல்லிக்கொண்டு வராது. ஒரு தனித் தாளில் பாத்திரங்களின் வயது, உறவுமுறை, நடக்கும் மாதம் மூன்றையும் அத்தியாயவாரியாகக் குறித்து வையுங்கள். தொடரில் முதலில் உதைப்பது காலம்தான். மூன்றாம் அத்தியாயத்தில் ஐப்பசி மழை, நான்காம் அத்தியாயம் 'ஒரு மாதம் கழித்து', ஐந்தாம் அத்தியாயம் 'மறு மாதம்' கல்யாணம் என்றால் அது மார்கழியில் விழும். வாசகர் கடிதம் தபால்காரருக்கே பாரமாகும். தஞ்சைப் பக்கம் கதை நடந்தால் மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12ஐ முளையாக அடித்துவிட்டு, நடவையும் அறுப்பையும் அதிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுத வருகிறது, துணிச்சல்தான் வரவில்லை. என் கதையில் வரும் மாமியாரைப் படித்தால் என் மாமியார் கண்டுபிடித்துவிடுவார். புனைபெயரில் எழுதினால் தப்பிக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

முதல் வரைவு எழுதும்போது யாரையும் மாற்றாதீர்கள். உண்மையான பேரோடு, உண்மையான வசவோடு எழுதுங்கள். அது யார் கண்ணிலும் படப்போவதில்லை. கடவுச்சொல் போட்ட கோப்பு, அல்லது பீரோவில் சேலைக்கு அடியில் ஒரு நோட்டு. எழுதுவதும் காட்டுவதும் இரண்டு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் நினைப்பதால்தான் கை நடுங்குகிறது.

இரண்டாம் வரைவில் மாற்றுங்கள். பேரை மட்டும் மாற்றுவது ஏமாற்று வேலை. மூக்குத்தியும் முட்டிவலியும் அப்படியே இருந்தால் பேர் எதற்கு? மூன்றை மாற்றினால் ஆளே மாறிவிடும்: பிழைப்பு, ஊர், குடும்பத்தின் அமைப்பு. டீச்சராக ஓய்வு பெற்றவரைத் தீப்பெட்டி ஆபீஸ் கணக்கராக்குங்கள். பாளையங்கோட்டையைக் காரைக்குடிக்குக் கொண்டுபோங்கள்; பேச்சு வழக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் 'ஏளா' காட்டிக்கொடுத்துவிடும். ஒரே மகன் இருந்த இடத்தில் இரண்டு மருமகள்களை வையுங்கள். இதில் வேடிக்கை, இரண்டாவது மருமகள் வந்தவுடன் மாமியாருக்கு நீங்கள் எதிர்பாராத நியாயம் ஒன்று முளைக்கும். பெரியவளிடம் ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று சின்னவளிடம் சொல்வார். புகார்ப் பட்டியலாக இருந்தது அங்கேதான் கதையாகிறது. மாற்றியபின் அவர் தரப்பிலிருந்து ஒரு பக்கமாவது எழுதிப் பாருங்கள். அச்சில் அது வர வேண்டுமென்பதில்லை.

புனைபெயர் நமக்குப் புதிதல்ல. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார்; ரங்கராஜன் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். இதழுக்கு அனுப்பும்போது கதைக்குக் கீழே புனைபெயரும், தனிக் கடிதத்தில் உண்மைப் பெயர், விலாசம், வங்கிக் கணக்கும் எழுதுங்கள். சன்மானம் கணக்கில் உள்ள பேருக்குத்தான் வரும். உண்மைப் பெயரை வெளியிட வேண்டாம் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். புனைபெயரோ, 'அனைத்தும் கற்பனையே' என்ற வரியோ சட்டத்துக்குக் கேடயமாகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்குகிறது. குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவரைப் பற்றி எழுதுவதும் அதில் அடங்கும். ஊரில் ஒரே ஒருவர் பார்க்கும் தொழில், ஊர்ப் பேர், சாதி இம்மூன்றும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார் என்று பொருள். ஒன்றையாவது உருவிவிடுங்கள்.

வேலைக்குப் போய்க்கொண்டே நாவல் முடிக்க முடியுமா? தினம் எவ்வளவு எழுத வேண்டும்?
– வாசகர், ஓசூர்

200 சொல். வாரத்தில் ஐந்து நாள். வாரத்துக்கு 1,000 ஆயிற்று. 50,000 சொல் நாவல் ஒரு வருஷத்துக்குள் முதல் வரைவு முடிந்துவிடும். 200 சொல் என்பது நோட்டில் ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். இங்கிலாந்தில் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே நாவல்களை எழுதிக் குவித்த ஆண்டனி டிரோலப், காலை 5.30க்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக் கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். அந்த வேகம் உங்களுக்கு வேண்டாம். நேரத்தை மட்டும் கடன் வாங்குங்கள்.

எழுதி முடிக்கும்போது காட்சியை முடித்துவிட்டு எழாதீர்கள். பாதி வாக்கியத்தில், அடுத்து என்னவென்று தெரிந்திருக்கும்போதே பேனாவை மூடுங்கள். மறுநாள் அந்த வாக்கியத்தை முடிக்க உட்காருவீர்கள். இருபது நிமிஷம் ஓடியது தெரியாது. நேற்று எழுதியதை ஆரம்பத்திலிருந்து படிக்கக் கூடாது, கடைசி ஐந்து வரி மட்டும். முழுவதையும் படித்தால் கை திருத்தப் போய்விடும். முதல் அத்தியாயம் பதினோரு தடவை பளபளப்பாகி, இரண்டாவது பிறக்கவே பிறக்காது. திருத்தம் தோன்றினால் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு மேலே போங்கள்.

எழுதிய கதையை முதலில் யாரிடம் காட்டுவது? வீட்டில் எல்லோரும் 'நல்லாயிருக்கு' என்கிறார்கள்.
– வாசகர், விருத்தாசலம்

காட்டாதீர்கள், வாசித்துக் காட்டுங்கள். கதை சொல்லும்போது பாட்டிக்கு உம் கொட்டினோமே, அதேதான். கேட்பவர் எங்கே உம் கொட்ட மறந்தார், எங்கே கைபேசியை எடுத்தார் என்று ஓரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கருத்துக் கேட்க வேண்டாம். முடிந்ததும் ஒன்று மட்டும் கேளுங்கள்: 'கதையை எனக்குத் திருப்பிச் சொல்லு.' அவர் விட்டுவிட்ட காட்சி எதுவோ, முதலில் வெட்ட வேண்டியது அது. உங்கள் கதையில் இல்லாத ஒன்றை அவராகவே சேர்த்துச் சொன்னால் இன்னும் விசேஷம். அதை உடனே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.