வெண்டைக்காயை உருக விடாதீர்கள்

தம்பி, கனடாவின் கேல்கரிக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, இந்தியக் கடையில் ஃப்ரெஷ் வெண்டைக்காய் விலையைப் பார்த்தால் எடுக்க மனசு வரவில்லை, பக்கத்து ஃப்ரீசரில் அதே காய் மலிவாகக் கிடக்கிறது, ஆனால் ஊரிலிருந்து அம்மா "ஐஸ் பெட்டிக் காயில் என்ன சத்து இருக்கும்" என்கிறார், எதைத்தான் வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். பதினாறு குளிர்காலம் இங்கே அடுப்போடு மல்லுக்கட்டியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். காய்க்குக் காய் பதில் மாறும்.

முதலில் அம்மாவின் கேள்வி. அவருக்கு ஃப்ரெஷ் என்றால் காலையில் சந்தைக்கு வந்து மதியம் குழம்பில் விழுவது. இங்கே ஜனவரியில் ஃப்ரெஷ் என்று எழுதி வைத்திருக்கும் வெண்டைக்காய் மெக்சிகோ, ஹோண்டுராஸ் பக்கம் பறித்து, நாள்கணக்கில் பயணம் செய்து, கடைத் தட்டிலும் கொஞ்ச நாள் கிடந்தது. நுனியை ஒடித்துப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒடியாது, வளையும். ஃப்ரோசன் காயைப் பறித்த கொஞ்ச நேரத்திலேயே வெந்நீரிலோ ஆவியிலோ ஓரிரு நிமிடம் காட்டி உறைய வைத்துவிடுகிறார்கள். அந்த வெந்நீரில் வைட்டமின் சி கொஞ்சம் போகும், உண்மைதான். ஆனால் காயின் நிறத்தையும் ருசியையும் கெடுக்கும் நொதிகள் அதில் அடங்கிவிடும். அப்புறம் மைனஸ் 18 டிகிரியில் மாதக்கணக்கில் கிடந்தாலும் இழப்பு மெதுவாகத்தான் நடக்கும். பச்சைப் பட்டாணியிலும் கீரையிலும் சத்து பறித்த நாளிலிருந்தே வேகமாக இறங்கும். பட்டாணியின் இனிப்பும் மாவாகிவிடும். அதனால் இந்த இரண்டையும் யோசிக்காமல் ஃப்ரீசரிலிருந்து எடுங்கள்.

வெண்டைக்காயில்தான் நான் முதல் வருஷம் மாட்டிக்கொண்டேன். காலையிலேயே பாக்கெட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் பார்த்தால் பாத்திரம் முழுக்கக் கொழகொழ தண்ணீர். அதை அப்படியே கடாயில் கொட்டி மூடியும் போட்டேன். வீட்டுக்காரர் கரண்டியால் தூக்கிப் பார்த்து, "இது பொரியலா, பாயசமா?" என்றார். உருகவே விடக்கூடாது. எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் உறைந்த காயை அப்படியே, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மூடாதீர்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். அப்படிச் செய்தாலும் ஊர் மொறுமொறுப்பு வராது. புளிக்குழம்புக்கு, மோர்க்குழம்புக்குத் தாராளமாகப் போதும்.

முருங்கைக்காய் ஃப்ரோசனே நல்லது. இங்கே ஃப்ரெஷ்ஷாக வருவது பெரும்பாலும் வற்றி, உள்ளே சதையே இல்லாமல் இருக்கும். மொச்சை, பச்சைத் துவரை, தேங்காய்த் துருவல் எல்லாமே ஃப்ரீசர்தான். துருவலை மட்டும் வெதுவெதுப்பாக்கி அரையுங்கள், இல்லாவிட்டால் மிக்சியில் கொழுப்பு தனியாகத் திரளும். கோவைக்காய், கத்தரிக்காய் ஃப்ரோசனில் வாங்காதீர்கள், துணியைப் பிழிந்த மாதிரி இருக்கும். உரித்த சின்ன வெங்காயமும் வதக்கினால் சிவக்காது, நீர்விடும். சாம்பாரில் நேரடியாகப் போட்டால் சரி. கேரட், கோஸ், பீட்ரூட், உருளை எல்லாம் குளிர்காலத்திலும் ஃப்ரெஷ்ஷாகவே மலிவு. அதையும் பாக்கெட்டில் வாங்குவது வீண் செலவு.

இன்னொன்று, இந்த ஊருக்கே உரியது. ஒரு டிசம்பரில் கொத்தமல்லிக்கட்டைக் காரின் டிக்கியில் வைத்துவிட்டு இன்னொரு கடைக்குள் போனேன். வெளியே மைனஸ் 25. வீட்டுக்கு வந்து பிரித்தால் இலையெல்லாம் கண்ணாடி மாதிரி; கொஞ்ச நேரத்தில் கறுத்துக் கூழாகிவிட்டது. மெதுவாக உறைந்தால் உள்ளே பெரிய பனித்துகள் உருவாகி இலையின் திசுவைக் கிழித்துவிடும். அதனால்தான் தொழிற்சாலையில் படுவேகமாக உறைய வைக்கிறார்கள். அந்த யோசனைக்கு வித்து இன்று இதே நாட்டில் சேர்ந்திருக்கும் லாப்ரடார் என்ற கடுங்குளிர்ப் பகுதியில்தான்: 1910களில் அங்கே இன்யூட் பழங்குடி மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் சட்டென்று உறைவதையும், சமைத்தால் புதுமீன் போலவே இருப்பதையும் பார்த்துத்தான் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் பின்னாளில் தன் முறையை உருவாக்கினார். நாம் காய்கறிப் பையைக் காருக்குள், சீட்டில் வைத்துக்கொண்டால் போதும்.

கடையில் பாக்கெட்டை எடுத்ததும் குலுக்குங்கள். காய் தனித்தனியாக உருண்டு சலசலக்க வேண்டும். ஒரே கட்டியாக, உள்ளே பனி படிந்து இருந்தால் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருக்கிறது. வைத்துவிட்டு அடியிலிருந்து வேறு எடுங்கள். கட்டியாகவே விற்கும் கீரைக்கும் துருவலுக்கும் இது பொருந்தாது.

இந்த வாரம் ஒரு பாக்கெட் முருங்கைக்காய் வாங்கி சாம்பார் வையுங்கள். அம்மாவிடம் வீடியோவில் தட்டை மட்டும் காட்டுங்கள், பாக்கெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.