ஓர் எண்ணை எடுத்தால் அக்கம்பக்கத்து எண்கள் போய்விடும்: அதிகபட்சக் கூட்டுத்தொகை எப்படி?

கேள்வி: என்னிடம் ஒரு பட்டியல் நிறைய மிகை எண்கள் இருக்கின்றன. 4-ஐ எடுத்தால் 4 புள்ளி கிடைக்கும், ஆனால் பட்டியலில் உள்ள 3, 5 அனைத்தும் அழிந்துவிடும். மொத்தப் புள்ளி அதிகபட்சமாக வேண்டும். பெரிய எண்ணாகப் பார்த்து எடுத்தால் சில சமயம் விடை தவறுகிறது. ரிகர்ஷனில் (நிரலின் ஒரு பகுதி தன்னைத்தானே திரும்ப அழைக்கும் முறை) விடை சரி, ஆனால் பெரிய பட்டியலுக்கு நிரல் முடிவதே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பட்டியலில் எந்த எண் எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுங்கள். இங்கே மதிப்புக்குத்தான் வேலை, இடத்துக்கு இல்லை. ஒரு 4-ஐ எடுத்ததுமே 3-ம் 5-ம் போய்விட்டன. அப்புறம் மீதி 4-களை விட்டுவைக்கக் காரணமே இல்லை. ஆகவே ஒவ்வொரு மதிப்புக்கும் மொத்தத் தொகையைக் கூட்டி வையுங்கள்.

2, 2, 2, 2, 3, 3, 3, 4, 4, 5 என்ற பட்டியலில் 2-க்கு 8, 3-க்கு 9, 4-க்கு 8, 5-க்கு 5. பெரிய எண்ணிலிருந்து தொடங்கினால் 5, பிறகு 3, மொத்தம் 14. பெரிய தொகையிலிருந்து தொடங்கினாலும் அதே 14தான். ஆனால் 2-ஐயும் 4-ஐயும் எடுத்தால் 16! 9-ஐப் பிடிக்கப் போய் இருபுறமும் இருந்த இரண்டு 8-களைக் கோட்டை விடுகிறோம். உங்கள் முதல் முயற்சி சறுக்கியது இதனால்தான்.

சரி, இப்போது சிறியதிலிருந்து மேலே போவோம். ஒவ்வொரு மதிப்பு 'ந' வரும்போதும் இரண்டே வழிதான். ந-வை விட்டால் ந−1 வரை கிடைத்த சிறந்த விடை அப்படியே நிற்கும். எடுத்தால் ந−1 கூடாது, எனவே ந−2 வரையிலான சிறந்த விடையோடு ந-வின் தொகை சேரும். இரண்டில் பெரியதை எழுதிக்கொள்ளுங்கள்:

சிறந்தது(1) = 0
சிறந்தது(2) = 8
சிறந்தது(3) = 8, 0+9 இவற்றில் பெரியது = 9
சிறந்தது(4) = 9, 8+8 இவற்றில் பெரியது = 16
சிறந்தது(5) = 16, 9+5 இவற்றில் பெரியது = 16

உங்கள் ரிகர்ஷனும் இதே கேள்வியைத்தான் கேட்கிறது, ஆனால் கிடைத்த பதிலைக் குறித்து வைக்காமல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. மதிப்பு 40 வரை போனாலே சுமார் 33 கோடி அழைப்புகள் ஆகிவிடும். பதில்களை ஓர் அரேயில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் அட்டவணை) சேமித்தால் நாற்பது படிகளில் வேலை முடியும். டைனமிக் புரோகிராமிங் இங்கே செய்வது அவ்வளவுதான்.

எடுத்த எண்கள் எவை என்று தெரிய வேண்டுமானால் மேலிருந்து திரும்பி நடங்கள். 5-க்கும் 4-க்கும் ஒரே 16, எனவே 5 எடுக்கப்படவில்லை. 4-ல் விடை 9-லிருந்து 16 ஆக மாறியது, எனவே 4 உண்டு. 3-ஐத் தாண்டி 2-க்குப் போனால் 0 அங்கே 8 ஆகியிருக்கிறது, ஆக 2-ம் உண்டு.

மதிப்புகள் ஒன்று 7, அடுத்தது 50 கோடி என்று சிதறிக் கிடந்தால் அவ்வளவு நீள அரே வேண்டாம். வெவ்வேறு மதிப்புகளை மட்டும் வரிசைப்படுத்துங்கள். முந்தைய மதிப்பு சரியாக 1 குறைவாக இருந்தால் மேலே சொன்ன விதி, இல்லையென்றால் முந்தைய சிறந்த விடையோடு தொகையைத் தயங்காமல் கூட்டுங்கள். குறியுள்ள (signed) 32 பிட் முழு எண் 2,147,483,647-க்கு மேல் தாங்காது என்பதால் தொகைகளை 64 பிட்டில் வையுங்கள்.