ஆஸ்திரேலியப் பழங்குடி ஊர்களில் கடை நடத்தும் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் வணிக நிபுணர்கள் மட்டும் இருந்தால் போதாதா?

போதாது. அங்கே பல ஊர்களில் ஒரே ஒரு கடைதான். விலை பிடிக்கவில்லை என்று அடுத்த கடைக்குப் போக முடியாது, மழைக்காலத்தில் சாலை துண்டிக்கப்பட்டால் சரக்கு படகிலோ விமானத்திலோதான் வரும், அந்தச் செலவும் விலையில்தான் ஏறும். அதனால் லாபத்தை எவ்வளவு குறைத்துக்கொள்வது, காய்கறிக்கு யார் மானியம் தருவது என்பதெல்லாம் மக்களின் உடல்நலத்தைத் தொடும் முடிவுகள்.

இரண்டு மாதிரிகளைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலத்தில் (Northern Territory) உள்ள ஆர்னெம் லேண்ட் பகுதியில் 1972இல் தொடங்கிய அல்பா (ALPA), கடைகள் நடத்தும் ஒரு பழங்குடியினர் கழகம். அதன் இயக்குநர்கள் மிலிங்கிம்பி, கலிவின்கு போன்ற உறுப்பினர் ஊர்களைச் சேர்ந்த பழங்குடியினரே. காய்கறி, பழங்களின் சரக்குக் கட்டணத்துக்கு மானியம் கொடுப்பது அதன் முக்கியமான கொள்கை. 2006இல் வந்த அவுட்பேக் ஸ்டோர்ஸ் வேறு மாதிரி: அது மத்திய அரசின் நிறுவனம், கடையை நிர்வகித்துக் கொடுக்கும், கடையின் உரிமை ஊரிடமே இருக்கும்.

பழங்குடியினர் கழகங்களுக்கென்றே 2006இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அதன்படி இயக்குநர்களில் பெரும்பான்மையினர் பழங்குடியினராக இருக்க வேண்டும், அப்புறம் தலைமை நிர்வாகி இயக்குநராகலாம், ஆனால் குழுத் தலைவராக முடியாது. என்னைக் கேட்டால் மிக நல்ல விதி இது. கணக்கு, கொள்முதல் தெரிந்தவர்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தலைவர் நாற்காலியில் அந்தக் கடையில் சாமான் வாங்குகிறவர்தான் உட்கார வேண்டும்.