சூடு மேலேதான் தப்புகிறது

கேள்வி: நுவரெலியாவில் ஒரு பழைய கல்வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கைக்குழந்தைக்காக இரவில் நான்கு மணிநேரம் ஹீட்டர் போடுகிறோம். மின்பட்டியல் எகிறுகிறது; அறையோ சூடாவதில்லை. கதவடியில் துணி செருகியும் குளிர் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். உங்கள் ஹீட்டர் 2000 வாட் என்றால் மணிக்கு 2 அலகு. நான்கு மணிநேரம், முப்பது நாள் என்றால் 240 அலகு. விளக்கையும் சமையலையும் சேர்க்காமலே 180 அலகைத் தாண்டி, வீட்டுக் கட்டணத்தின் உச்சப் படிக்கு ஏறிவிட்டீர்கள். அதனால் நீங்கள் மிச்சம்பிடிக்கும் ஒவ்வோர் அலகும் விலை கூடிய அலகாகவே இருக்கும்.

கதவடியில் துணி வைத்தது சரியான வேலைதான். மூன்றடிக் கதவின் கீழே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால், சுவரில் உள்ளங்கையளவு ஓட்டை இருப்பதற்குச் சமம். ஆனால் சூடான காற்று இலேசானது. மேலேறி, கூரைப் பக்கம் கிடைத்த சந்துகளால் வெளியேறும். அது போன இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்காற்று நுழையும். மேலே திறந்திருக்கும்வரை, கீழே ஒரு சந்தை அடைத்தால் இன்னொரு சந்தால் குளிர் வரும். ஆகவே மேலிருந்து தொடங்குங்கள்.

காற்று வீசும் ஒரு மாலையில் யன்னல்களைச் சாத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக மெல்ல நடங்கள். திரைச்சீலையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை நூல்போல நேராக எழுந்தால் அந்த இடத்தில் குறையில்லை. கதவு நிலை அருகே அது சட்டென்று உள்பக்கம் சாயும். சீலிங் பலகைகளின் இடுக்கில் உறிஞ்சப்பட்டு மறையும். அந்த இடங்களில் சோக்கட்டியால் ஓர் அடையாளம் போடுங்கள்.

பழைய வீடுகளில் முதற் குற்றவாளி பெரும்பாலும் கணப்பின் புகைக்கூண்டுதான். நெருப்பு மூட்டாத நாளிலும் அது அறையின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். சாக்கொன்றில் பழைய கம்பளித் துணிகளைத் திணித்துத் தைத்து, கூண்டின் கழுத்தில் இறுக்கமாகச் செருகுங்கள். அதில் கட்டிய சிவப்பு நாடா ஒன்று கணப்பின் முகப்பில் தொங்கட்டும். அடைப்பு இருப்பது தெரியாமல் யாரும் விறகு மூட்டிவிடக் கூடாது.

அடுத்து, கூரைக்குள் ஏறும் மூடியின் விளிம்பைச் சுற்றி ஒட்டும் ஸ்பொஞ்ச் பட்டி. ஹார்ட்வெயார் கடையில் சுருளாகக் கிடைக்கும்; வாடகை வீட்டில் பிறகு உரித்தும் எடுக்கலாம். யன்னல் சட்டங்களுக்கும் அதுவே போதும். கண்ணாடி ஓரப் பூச்சு உதிர்ந்திருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். கதவடிக்கு, பழைய சேலைத் துண்டைக் குழாய்போலத் தைத்து மணலோ மரத்தூளோ நிரப்புங்கள். வெறும் துணி காற்றில் நகர்ந்துவிடும், இது அசையாது.

ஒன்றை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். விறகடுப்போ எரிவாயு அடுப்போ உள்ள சமையலறையின் காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரம் தேங்கும். குளிர் தாங்காமல் கரிச்சட்டியைப் படுக்கையறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கவே கூடாது. அதிலிருந்து எழும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிர் போய்விடும். இறுக்கி அடைத்த அறையில் ஆபத்து இன்னும் அதிகம்.

அடைத்த அறையில் குழந்தையின் துணிகளையும் காயப்போடாதீர்கள். ஈரம் சுவரில் படிந்து கரும்பூஞ்சணமாகும். வெயில் எட்டிப் பார்க்கும் நண்பகலில் பத்து நிமிடம் யன்னலைத் திறந்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் அதே ஊதுபத்தியோடு மறுபடி ஒரு சுற்று வாருங்கள். சோக்கட்டி அடையாளங்களின் அருகே புகை நேராக எழுந்தால், அன்றிரவே ஹீட்டரை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.