இன்ஜின் ஓடினால் வயர்லெஸ்ஸில் விசில்: செட்டை மாற்றணுமா?

கேள்வி: பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஃபீல்டு ஆபீசராக இருக்கிறேன். தோட்டத்து டீசல் ஜீப்பில் 25 வாட் விஎச்எஃப் செட் இருக்கிறது. வண்டி நிற்கும்போது பேச்சு தெளிவாகக் கேட்கும். இன்ஜின் ஓடினால் விசில் சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அதுவும் ஏறுகிறது. நாங்கள் பேசும்போது ஆபீசிலும் அந்த விசில் கேட்கிறதாம். இது போக, ராத்திரி ரோந்தில் தூரத்து வாக்கி டாக்கிகள் எட்டுவதே இல்லை. யானை எங்கே நிற்கிறது என்ற தகவல் இப்படித் தவறிப்போகிறது. பட்டறையில் செட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். புது செட் வாங்கினாலும் அதே விசில் அதிலும் வரும். நீங்கள் எழுதியிருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. விசில் தனி, ராத்திரியில் செட்டுக்குக் காது அடைப்பது தனி.

விசிலை முதலில் பார்ப்போம். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது, அதனால் அந்தச் சந்தேகம் வேண்டாம். ஆக்ஸிலரேட்டரோடு சேர்ந்து ஏறி இறங்கும் சத்தம், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. 12 துருவ ஆல்டர்னேட்டர் ஒரு சுற்றுக்கு 36 துடிப்புகளை மின்சாரத்தில் விடும். இன்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்று, புல்லி அதை இரண்டரை மடங்கு ஆக்குகிறது என்று வையுங்கள். நொடிக்கு 1500 துடிப்பு. மனிதக் குரல் புழங்கும் அதே அலைவரிசை. அதனால்தான் காதில் இப்படிக் குத்துகிறது.

ஆபீசிலும் கேட்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான தடயம். ஆன்டெனா வழியாக உள்ளே வரும் இரைச்சல் நீங்கள் பேசும்போது வெளியே போகாது. அப்படியானால் இது பவர் ஒயர் வழியாகத்தான் ஏறுகிறது. சோதித்துப் பார்க்க, யுபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்றை இரவல் வாங்கி, செட்டின் சிவப்பு, கறுப்பு இரண்டையும் அதில் கொடுங்கள். இன்ஜின் ஓடும்போது விசில் இல்லையென்றால் செட் மேல் பழியில்லை.

பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். பத்துக்கு எட்டு வண்டியில் சிவப்பு ஒயர் சாவி சுவிட்சிலோ சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலோ போய் நிற்கும். கறுப்பு, டாஷ்போர்டுக்கு அடியில் பெயின்ட் மேலேயே ஒரு ஸ்க்ரூவில் முறுக்கப்பட்டிருக்கும். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும் இடம். இரண்டு மழைக்காலம் போனால் அந்த ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். தொட்டால் பொடியாக உதிரும். அதை விட்டுவிட்டு இரண்டு ஒயரையும் நேரே பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் ஒயர்களையும் கழற்றி, உலோகம் தெரியத் தேய்த்து மாட்டுங்கள். பெரும்பாலும் விசில் இதோடு போய்விடும்.

போகாவிட்டால் ஆல்டர்னேட்டரில் ஏசியை டிசியாக்கும் டயோடைப் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றி, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நலம். அரை வோல்ட்டைத் தொட்டால் டயோடு போயிருக்கலாம். மலிவான சில மீட்டர்கள் டிசியையே ஏசி 26 வோல்ட் என்று காட்டும். இன்ஜின் நிற்கும்போது பூஜ்யம் காட்டாத மீட்டரை நம்பாதீர்கள். இன்னொன்று: ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘டைனமோ சார்ஜ் ஆகுதா’ என்று பார்க்கும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. கண்டிப்பாக விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் செட்டைக் கொன்றுவிடும்.

இனி ராத்திரிக் கோளாறு. பகலில் இல்லாத எது ராத்திரியில் ஓடுகிறது? மூடுபனிக்காக மாட்டிய எல்இடி விளக்கு என்றுதான் என் ஊகம். அந்த விளக்குக்குள் நொடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி ஒட்டும் ‘டிரைவர்’ என்ற சர்க்யூட் இருக்கிறது. அதன் இரைச்சல் உங்கள் செட் வேலை செய்யும் விஎச்எஃப் அலைவரிசை வரை பரவும். உங்களுடையதுபோன்ற எஃப்எம் செட்டில் இது சத்தமாகக் கேட்காது, சிக்னல் இல்லாதபோது ஸ்பீக்கரை அடைத்துவைக்கும் ஸ்க்வெல்ச் திறக்காமலே இருந்துவிடும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. மொபைல் சார்ஜரும் இதே ஜாதிதான். குன்னூர் பக்கம் ஒரு ஜீப்பில் நான் இரண்டு நாள் ஒயரைப் பிரித்துப் போட்டுத் தேடினேன். கடைசியில் குற்றவாளி, போன்கூடச் செருகாமல் சாக்கெட்டில் சும்மா கிடந்த சார்ஜர்.

சோதனை இப்படி: வாக்கி டாக்கியோடு ஒருவரை மேட்டுக்கு அந்தப் பக்கம், அரைகுறையாகக் கேட்கும் தூரத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப், எல்லா விளக்கும் ஆஃப். அவரை நிறுத்தாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு பனி விளக்கு, சார்ஜர், டாஷ் கேமரா, வைப்பர், கடைசியில் இன்ஜின் என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போட்டதும் எண்ணிக்கை மறைகிறதோ அதுதான் ஆள். அவசரப்பட்டு இரண்டை ஒன்றாகப் போட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

விளக்குதான் என்றால், அதன் ஒயரை, இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றிப் பாருங்கள். மட்டமான விளக்குக்கு இது பாதி வைத்தியம்தான். ஹாலோஜனுக்கே திரும்புவது மேல். ஆன்டெனாவையும் கவனியுங்கள். படுதா போட்ட ஜீப்பில் அது பம்பரிலோ பானெட் ஓரத்திலோ, இன்ஜினை ஒட்டி நிற்கும். பானெட் வெறும் கீலில் தொங்குகிறது, நல்ல எர்த் இல்லை. பின்னல் ஒயர் ஒன்றால் பாடியோடு இணையுங்கள். ஆன்டெனா கேபிளின் முனையைத் திறந்து பாருங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது, கேபிளை மாற்றியாக வேண்டும்.

இன்ஜினும் விளக்குகளும் நின்ற பிறகும் குறிப்பிட்ட ஒரு வளைவில் மட்டும் கரகரவென்று கேட்டால் ஜீப்பை விட்டு இறங்கி மேலே பாருங்கள். சாரல் நாளில் 11 கேவி லைனின் இன்சுலேட்டர் பொரியும். கம்பத்தின் எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் சொல்லுங்கள்.