வாசல் சரிவுல பாசி, ஸ்கூட்டர் வழுக்குது: ஆசிட் ஊத்தலாமா?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரம் வீட்டுல வாசல் சரிவு ஐப்பசி மழைக்குப் பாசி பிடிச்சு ஸ்கூட்டர் ஏத்த முடியல, ஆசிட் ஊத்தலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். ஆசிட் சிமெண்டுப் பூச்சை அரிச்சிரும்; அரிச்ச எடத்துல ஈரம் நின்னு அடுத்த மழைக்குப் பாசி இன்னும் ஜோரா வரும்.

மழை விட்ட ஒரு காலைல, பத்து லிட்டர் வாளிக்கு 100 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைச்சு, தெளிஞ்ச தண்ணியை ஊத்திக் கால் மணி நேரம் விடுங்க. பச்சை வெளுத்துப் பழுப்பாகும். அப்புறம் கட்டை வாரியலால அழுத்தித் தேய்ச்சு வாறுகாலுக்குத் தள்ளுங்க, முருங்கை மூட்டுக்குப் போக விடாதீங்க. இதோட ஆசிட்டை மட்டும் சேர்த்திராதீங்க, குளோரின் வாயு கெளம்பி மூச்சை அடைச்சிரும்.

ஆனா மாடித் தண்ணி விழுற குழாய் அந்தச் சரிவு மேலயே இருக்குன்னு போற போக்குல எழுதியிருக்கீங்களே, வினையே அதுதான்! எல்போன்னு குழாய் வளைவுத் துண்டு ஒண்ணு போட்டு ஓரமாத் திருப்பிருங்க.

தை வெயில் வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு, பழைய தரையைக் கொத்திவிட்டு, குறுக்குவாட்டுல வரி இழுத்துப் பூசச் சொல்லுங்க. கொத்தாமப் பூசினா அப்பளமாப் பேர்ந்து வரும். அதுவரைக்கும் சாக்கு கீக்கு விரிக்காதீங்க, சக்கரத்தோட சுருண்டு வந்து ஆளையே கவுத்திரும்.