‘அப்புறம் பார்த்துக்கலாம்’: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பற்றி வாசகர் கேள்விகள்

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகவே நடக்கிறது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குள் இருப்பவர்களில் ஒருமுறையாவது இதைச் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நாடு முழுக்க எடுத்தால் இரண்டு பேர்கூட இல்லை. ‘ஏன் போகவில்லை?’ என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுக்கு மகளிர் நல மருத்துவக் குழு பதிலளிக்கிறது.

சுகர், பிரஷர் பார்க்கப் போனபோது, ‘கர்ப்பப்பை டெஸ்ட்டும் பண்ணிக்கோங்கம்மா’ என்று சிஸ்டர் சொன்னார். ‘நாளைக்கு வர்றேன்’ என்று வந்துவிட்டேன், மறுபடி போகவே இல்லை. எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. டாக்டர் ஆணாக இருந்துவிட்டால் என்ன செய்வது? உள்ளே என்னதான் செய்வார்கள்?
– வாசகி, 38 வயது, பட்டுக்கோட்டை

தொந்தரவு இல்லாதபோதே செய்துகொள்ள வேண்டிய பரிசோதனை இது. எச்.பி.வி. என்ற வைரஸ் கர்ப்பப்பை வாயில் தங்கி, அங்குள்ள செல்கள் மாறி, அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை காலமும் வலி இருக்காது, ரத்தம் படாது. அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் சில நிமிடச் சிகிச்சையோடு முடிந்துவிடும். உடலுறவுக்குப் பின் ரத்தம் படுவது, மாதவிலக்கு நின்றபின் ரத்தப்போக்கு, துர்நாற்றத்தோடு ரத்தம் கலந்த வெள்ளைப்படுதல் இவையெல்லாம் வந்துவிட்டால் முகாமுக்காகக் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைச் செய்வது பெரும்பாலும் பயிற்சி பெற்ற பெண் செவிலியர்தான். முன்கூட்டியே, ‘யார் பார்ப்பாங்க?’ என்று கேட்டுக்கொள்ளலாம். ஆண் மருத்துவர் பார்க்க நேர்ந்தால் இன்னொரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது நோயாளர் உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது. ‘பெண் டாக்டர் இருக்கும் நாளில் வருகிறேன், எந்த நாள்?’ என்று கேட்பதும் உங்கள் உரிமைதான். மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் நின்றால், ‘அவங்க வேண்டாம்’ என்று சொல்லலாம்.

உள்ளே நடப்பது இதுதான். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். சேலையையோ நைட்டியையோ கழற்ற வேண்டாம். உள்ளாடையை மட்டும் எடுத்துவிட்டு, முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டால் போதும். சுடிதார் போட்டுப் போனால் பேண்ட்டைக் கழற்ற வேண்டிவரும். அதனால் சேலை, பாவாடை, நைட்டி வசதி. முடியைச் சவரம் செய்ய வேண்டியதில்லை. யாரும் அதைக் கவனிப்பதும் இல்லை. படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பைக் கட்டிலின் விளிம்புவரை இறக்க வேண்டும். வாத்தின் அலகு போன்ற ஸ்பெகுலம் என்ற கருவியை உள்ளே வைத்து மெதுவாக விரிப்பார்கள். பயத்தில் இடுப்பை மேலே தூக்கினால் தசை இறுகும். வலி அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு கைகளையும் பிட்டத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு, கருவி நுழையும்போது வாயால் நீளமாக மூச்சை விடுங்கள்.

பிறகு 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தில், அதாவது சமையல் வினிகர் அளவுச் செறிவில், நனைத்த பஞ்சைக் கர்ப்பப்பை வாயில் ஒற்றுவார்கள். லேசாக எரியலாம். ஒரு நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். சில இடங்களில் அதன்பின் அயோடினும் தடவுவார்கள். நல்ல செல்கள் கரும்பழுப்பாக மாறும், சந்தேகமான இடம் மஞ்சளாகவே நிற்கும். அந்த அயோடின் ஓரிரு நாள் துணியில் பழுப்பாகப் படும். அதைப் பார்த்து ‘ரத்தம்’ என்று பதறாமல், கையோடு ஒரு நாப்கின் கொண்டுபோங்கள். எல்லாம் சேர்த்து ஐந்து, பத்து நிமிடம். முடிவை அப்போதே சொல்லிவிடுவார்கள்.

மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துப் போங்கள். முந்தைய 48 மணி நேரம் உடலுறவு, உள்ளே வைக்கும் மாத்திரை அல்லது க்ரீம் வேண்டாம். சோப்போ டெட்டாலோ போட்டு உட்புறத்தைக் கழுவவே கூடாது. காப்பர்-டி இருந்தால் தடையில்லை. வெறும் வயிறும் தேவையில்லை.

எனக்கு 36 வயது. திருமணம் ஆகவில்லை. ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்களே என்றுதான் போகவில்லை.
– வாசகி, சென்னை

இந்தப் பரிசோதனைக்குத் தேவையான விவரம் திருமணம் அல்ல. எப்போதாவது யாருடனாவது பாலுறவுத் தொடர்பு இருந்ததா என்பதுதான். இருந்தது என்றால், எத்தனை வருடம் முன்பு என்றாலும் செய்துகொள்ளுங்கள். ஒருபோதும் இல்லையென்றால் ஆபத்து மிகக் குறைவு. மருத்துவரோடு பேசிவிட்டு விட்டுவிடலாம். எல்லோர் முன்னாலும் கேட்டால், ‘உள்ளே சொல்றேன்’ என்ற ஒரு வார்த்தை போதும். வேறு காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகிறது. போன வருடம் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுக்கப் போய், வலி தாங்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டார். ‘இனிமே செத்தாலும் போகமாட்டேன்’ என்கிறார்.
– மகள், திருச்சி

அம்மா சொல்வது பொய்யில்லை; அவரைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று சொல்லிவிடாதீர்கள். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, பிறப்புறுப்பின் உட்தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது. இளம் பெண்ணுக்கு வைக்கும் அதே கருவியை அதே வேகத்தில் வைத்தால் வலிக்கத்தான் செய்யும். இரண்டாம் முறை போகும்போது உள்ளே நுழைந்ததுமே மூன்று விஷயங்களைச் சொல்லச் சொல்லுங்கள்: ‘போன தடவை ரொம்ப வலிச்சது. சின்ன சைஸ் ஸ்பெகுலம் வையுங்க. நான் நிறுத்தச் சொன்னா நிறுத்திடுங்க.’ கருவியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்தாலோ, தண்ணீரில் கரையும் ஜெல்லை அதன் வெளிப்புறம் துளி தடவினாலோ பாதிச் சிரமம் குறையும். வறட்சி அதிகமென்றால் மருத்துவர் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் எழுதிக்கொடுத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து வரச் சொல்வார். அதைக் கடையில் தானாக வாங்கிப் போட வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அது சரிப்படாமல் போகலாம்.

இன்னொன்று. இந்த வயதில் கர்ப்பப்பை வாயின் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சுருங்கிப் போயிருக்கும். அதனால் வினிகர் தடவிப் பார்க்கும் முறை அவருக்கு நம்பகமானதல்ல. எச்.பி.வி. டெஸ்ட்தான் ஏற்றது. அதற்கான மாதிரியை அவரே எடுத்துக்கொள்ளும் வசதி சில மருத்துவமனைகளிலும் ஆய்வகங்களிலும் உண்டு. மெல்லிய பிரஷ் அல்லது பஞ்சுக்குச்சியை, விரல் நீளம்கூட இல்லாமல் உள்ளே செலுத்தி, கிட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குச் சுழற்றி, குப்பியில் போட்டு மூடினால் முடிந்தது. ஸ்பெகுலமே கிடையாது. கர்ப்பப்பை வாயைச் சரியாகத் தொட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நடக்கும் தவறுகள் இரண்டுதான்: குச்சியின் நுனியைக் கையால் தொடுவது, குப்பியில் உள்ள திரவத்தைக் கொட்டிவிடுவது. எச்.பி.வி. இல்லை என்று வந்தால் குறைந்தது ஐந்து வருடத்துக்கு நிம்மதி. ‘செத்தாலும் போகமாட்டேன்’ என்ற அம்மாக்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. ‘இது உடலுறவில் பரவுறதாமே’ என்று என் கணவர் என்னைக் கேட்கிறார். டெஸ்ட் எடுத்ததே தப்போ என்று தோன்றுகிறது.
– வாசகி, 33 வயது, கோவை

நீங்கள் எடுத்தது தப்பில்லை. உங்கள் கணவரும் இதைப் படிக்கட்டும். பாலுறவு வாழ்க்கை உள்ள ஆண், பெண் இருவரிலும் ஐந்தில் நான்கு பேருக்காவது வாழ்நாளில் ஒருமுறை இந்த வைரஸ் வந்து போகிறது. பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குப் பல ஆண்டுகள் அடையாளமே இல்லாமல் இருந்துவிட்டு, பிறகு டெஸ்டில் தெரியும். எனவே எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த மருத்துவராலும் எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. திருமணத்துக்கு முன்பே இருவரில் ஒருவருக்கு வந்ததாகவும் இருக்கலாம். இதை வைத்து யாருடைய நடத்தையையும் எடைபோட இடமே இல்லை. அடுத்த முறை போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் வீட்டில் பாதிச் சண்டை அடங்கும்.

எச்.பி.வி. இருப்பது புற்றுநோய் இருப்பதாகாது. ரிப்போர்ட்டில் 16 அல்லது 18 என்ற வகை போட்டிருக்கிறதா பாருங்கள். பத்தில் ஏழு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களுக்கு அந்த இரண்டும்தான் காரணம். அப்படியானால் தாமதிக்காமல் கால்போஸ்கோபி (கர்ப்பப்பை வாயைப் பூதக்கண்ணாடிக் கருவி வழியாகப் பார்ப்பது) செய்ய வேண்டும். வேறு வகை என்றால் பாப் ஸ்மியரோ வினிகர் சோதனையோ செய்துவிட்டு, எப்போது மறுபடி வர வேண்டும் என்று சொல்வார்கள். இந்த வைரஸுக்கு மாத்திரை கிடையாது; ‘கோர்ஸ்’ என்று யாராவது எழுதிக்கொடுத்தால் எதற்கென்று கேளுங்கள். இருக்கும் கிருமியைத் தடுப்பூசியும் போக்காது.

நான் கிராம சுகாதார செவிலியர். வீடு வீடாகப் போய் இருபது பேரைக் கூப்பிட்டால் இரண்டு பேர்தான் வருகிறார்கள். எப்படிப் பேசுவது?
– வாசகி, தேனி மாவட்டம்

பேச்சைவிட ஏற்பாட்டில்தான் பாதி இருக்கிறது, சிஸ்டர். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில், ஒரே ஒருமுறை வினிகர் சோதனையும் தேவைப்பட்டவர்களுக்கு உடன் சிகிச்சையும் கொடுத்ததில் இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. அங்கே அழைக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் வந்தார்கள். நம் ஊர்ப் பெண்கள் வரமாட்டார்கள் என்பது சரியல்ல.

‘ஒருநாள் வாங்க’ என்றால் வரமாட்டார்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் கேட்டு, மாதவிலக்கு நாட்கள் முடிந்த பிறகு வரும் ஒரு நாளை நீங்களே குறித்துக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களாக இரண்டு மூன்று பேரைச் சேர்த்து வரவழையுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் ஊரில் காலையில் முகாம் வைத்தால் கூலி போகும். மதியத்துக்கு மேல் வையுங்கள். ‘மருமகளை அனுப்புங்க’ என்று மாமியாரிடம் கேட்பதைவிட, வயது வரம்புக்குள் இருந்தால் மாமியாரையே முதலில் கூப்பிடுங்கள். புதிய பிளாஸ்டிக் ஸ்பெகுலம் ஒன்றைக் கையில் கொடுத்துத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். பார்க்காத கருவியைத்தான் மனம் பெரிதாக்கிக்கொள்ளும்.

அறையில் கட்டிலின் கால்பக்கம் கதவைப் பார்த்து இருக்கக் கூடாது. தாழ்ப்பாள் வேண்டும், திரை வேண்டும், போர்த்திக்கொள்ள ஒரு துணி வேண்டும். ‘ரெண்டு புள்ள பெத்தவளுக்கு என்ன வெட்கம்?’ என்ற பேச்சை யாரும் எந்தக் காரணத்துக்காகவும் பேசக் கூடாது. அந்த ஒரு வாக்கியம் தெரு முழுக்கப் பரவி, அடுத்த முகாமையே காலியாக்கிவிடும்.

செய்முறையிலும் கவனம் தேவை. 5 சதவீதக் கரைசலுக்கு 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் 5 மில்லி கிளேசியல் அசிட்டிக் அமிலம். அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும். கலக்காத அமிலம் பட்டால் புண்ணாகிவிடும், பாட்டிலைத் தனியாக வையுங்கள். வரிசை நீளமாக இருக்கிறதென்று ஒரு நிமிடத்தை இருபது விநாடியாகக் குறைத்தால் வெள்ளைத் திட்டு தோன்றும் முன்பே ‘நார்மல்’ எழுதிவிடுவீர்கள். கடிகாரம் பார்த்தே நில்லுங்கள்.

வினிகர் டெஸ்டில் பாசிட்டிவ் என்று மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதித் தந்தார்கள். நான்கு மாதமாகச் சீட்டு பீரோவில் இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.
– வாசகி, 45 வயது, விழுப்புரம்

அம்மா, இந்த வாரமே அந்தச் சீட்டை எடுங்கள். வினிகர் சோதனையில் பாசிட்டிவ் ஆகிறவர்களில் மிகப் பலருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. சாதாரணக் கிருமித்தொற்றும் புண்ணும்கூட வெள்ளையாகத் தெரியும். எது என்று பிரித்துப் பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

அங்கே கால்போஸ்கோபி செய்வார்கள். அதே ஸ்பெகுலம், அதே வினிகர். வெளியே நிற்கும் பூதக்கண்ணாடிக் கருவி வழியாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். சந்தேகமான இடத்தில் அரிசி அளவு சதை எடுப்பார்கள். சுருக்கென்று இழுக்கும். ரத்தத்தை நிறுத்த ஒரு மருந்துப் பசை தடவுவதால், சில நாள் காப்பித்தூள் போல் கறுப்பாகப் படும்.

புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம் (முன்மாற்றம்) மட்டும் இருந்தால் சூடு வைத்து நீக்கும் சிகிச்சை உண்டு. சுமார் 100 டிகிரி சூட்டில் ஒரு முனையை ஒருமுறைக்கு 20 முதல் 40 விநாடி வைப்பார்கள். மாதவிலக்கு வலி போல அடிவயிறு பிடிக்கும். அன்றே வீடு திரும்பலாம். மூன்று நான்கு வாரம் தண்ணீராகப் படும். நான்கு வாரம் உடலுறவு கூடாது. காய்ச்சல், துர்நாற்றம், மாதவிலக்கைவிட அதிகமான ரத்தப்போக்கு இருந்தால் உடனே திரும்பிப் போக வேண்டும். ஒரு வருடம் கழித்து மறுபரிசோதனை உண்டு. அதை விட்டுவிடாதீர்கள்.

மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து, காலையிலேயே மகளிர் நலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போங்கள். கால்போஸ்கோபி எந்தெந்தக் கிழமை என்று முன்னாடியே கேட்டுக்கொண்டால் ஓர் அலைச்சல் மிச்சம். சீட்டு, ஆதார், குடும்ப அட்டை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, தினமும் போடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுபவரானால் சதை எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். தனியாகப் போக மனம் வரவில்லையென்றால் சீட்டு எழுதிய அதே சிஸ்டரைக் கேளுங்கள், எந்தப் பேருந்து, எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும் என்பதுவரை சொல்லுவார். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். மகளோ தங்கையோ யாராக இருந்தாலும் சரி.

கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. எனக்கும் வேண்டுமா?
– வாசகி, 49 வயது, மதுரை

டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பாருங்கள். சிலருக்குக் கர்ப்பப்பையை எடுத்தாலும் அதன் வாயை விட்டுவைத்திருப்பார்கள். அப்படியானால் கட்டாயம் வேண்டும். வாயோடு முழுவதும் எடுத்திருந்து, கட்டி, அதிக ரத்தப்போக்கு போன்றவைதான் காரணம் என்றால் தேவையில்லை. புற்றுநோய் அல்லது அதன் முன்மாற்றத்துக்காக எடுத்திருந்தால் தொடர்ந்து பார்க்க வேண்டும். சம்மரி கிடைக்கவில்லையென்றால் ஒருமுறை பரிசோதித்தாலே வாய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.